ஒரே சோடி ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர்

2005-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டு, தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரவேற்பறையில் அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. அப்பா லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில், நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியவை. அந்த ஆண்டு தீபாவளிக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்கி வந்திருந்தார். கூடவே நடுவில் வைக்க ஒரு ஸ்பீக்கர், பின்னால் வைக்க இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், தரையில் வைக்க ஒரு சப்வூஃபர். முன்பக்கத்து ஸ்பீக்கர்களை மட்டும் அவர் வாங்கவில்லை. "அதான் அப்பாவோட ஸ்பீக்கர் இருக்கே" என்றார்.

அப்பாவுக்குத் தம் ஆம்ப்ளிஃபயரில்தான் பாட்டுக் கேட்க வேண்டும். அண்ணனுக்கு ரிசீவரில்தான் படம் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரோ ஒரே சோடி. இந்தச் சிக்கலுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் கம்பியையும் ரிசீவரிலிருந்து வரும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி, அதே ஸ்பீக்கரில் செருகிவிட்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது, அது தெரியாமல் அண்ணன் ரிசீவரை முடுக்கினார். 'டப்' என்று ஒரு சத்தம். ரிசீவர் தானாகவே அணைந்தது. அப்பாவின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கருகல் வாடை வந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "கம்பி எங்கேர்ந்து எங்க போகுதுன்னு ஒரு தடவையாவது பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று நான் அறிவியல் ஆசிரியர். வகுப்பில் மின்சாரம் நடத்தும்போது யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "சார், தாத்தாவோட ஸ்டீரியோவையும் புது ரிசீவரையும் சேர்க்க முடியுமா?" முடியும். ஆனால் நான் சேர்த்த மாதிரி அல்ல. ஏன், எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர்

தாசேக் கெலுகோர் ரயில் நிலையத்தில், மஞ்சள் கோட்டுக்கு நன்கு பின்னால் ஓர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வரும் ரயில் எந்தப் பக்கம் வருகிறது, எப்போது உங்களைக் கடக்கிறது, சுங்கைப் பட்டாணி நோக்கி எப்படி மறைகிறது என்பதெல்லாம் கண் திறக்காமலே தெரியும். ஒலி ஒரு காதைச் சற்று முன்னதாகவும், மறு காதைச் சற்றுப் பின்னதாகவும் வந்தடைகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அதிகம் போனால் 0.6 அல்லது 0.7 மில்லி விநாடிதான். இந்த நுண்ணிய கால வேறுபாட்டையும், இரண்டு காதுகளிலும் கேட்கும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது.

ஸ்டீரியோ இந்தத் திறனைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி ஒரே அளவில் வந்தால், ஸ்பீக்கரே இல்லாத நடுப்பகுதியிலிருந்து பாடகர் பாடுவது போலக் கேட்கும். இடப்பக்க ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் பாடகர் இடப்பக்கம் நகர்ந்துவிடுவார்.

இதற்கு வழிவகுத்தவர்களுள் முக்கியமானவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். திரையரங்கில் நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, அவர் குரல் வேறு பக்கமிருந்து வந்தது அவருக்கு உறுத்தியது என்றும், அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. 1931-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935-இல் அவரது குழு எடுத்த சோதனைப் படங்களில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? ஹேய்ஸ் ரயில் நிலையத்தைக் கடந்து போகும் ரயில்கள்! 1942-இல், போர்க்கால ரேடார் சோதனையின்போது நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

ஆக, வீட்டு ஸ்டீரியோவும் திரையரங்க ஒலியும் ஒரே வேரில் முளைத்தவை. பிறகு இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. தமிழில் 1978-இல் இளையராஜா இசையில் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகப் பேசப்பட்ட படம். 1996-இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. உங்கள் பெற்றோரைக் கேட்டால், அந்தக் காலத்துப் படச் சுவரொட்டிகளில் 'டி.டி.எஸ்.' என்ற எழுத்துகள் எவ்வளவு பெரிதாக இருந்தன என்று சொல்வார்கள்.

இரண்டு பெட்டிகளின் வேலை

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் வேலை எளிது. வானொலியோ சி.டி. கருவியோ தரும் சிறிய மின்சமிக்ஞையை வாங்கி, ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெரிதாக்கும். அவ்வளவுதான்.

ரிசீவருக்கு வேலை அதிகம். படத்தில் இலக்கமுறையில் பதிந்திருக்கும் ஒலியை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். '5.1' என்றால் முன்னால் இடம், வலம், நடு என மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து. '.1' என்பது இடி, வெடிச்சத்தம் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கான தனிப் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் உரிய தாமதத்தைக் கணக்கிட்டு, தனித்தனியே பெருக்கி அனுப்புவதும் ரிசீவரின் வேலையே. இத்தனை ஆம்ப்ளிஃபயர்களும் பெரும்பாலும் ஒரே மின்வழங்கியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெட்டியில் '100 வாட்' என்று எழுதியிருந்தால், அது பல வேளைகளில் இரண்டு பாதைகளை மட்டும் இயக்கி அளந்த எண்ணாக இருக்கும். எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவு.

எனவே, முன்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களின் சுமையை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரிடம் கொடுத்துவிட்டால் ரிசீவருக்குச் சுமை குறையும். பாட்டுக் கேட்கும்போது ரிசீவரை முடுக்கவே தேவையில்லை. ஆனால், ஒலி மாயமாக மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிதமான ஒலியளவில் நல்ல ரிசீவருக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயருக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஆம்ப்ளிஃபயரின் திறனை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை!

என் ஆம்ப்ளிஃபயர் ஏன் கருகியது?

'லித்தார் செலாரி' பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். இருந்தும் ஏமாந்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கருக்குத்தான் மின்சாரம் அனுப்பும் என்று நினைத்தேன். மின்சாரத்துக்கு அப்படிப் பெயர்ப்பலகை பார்த்துப் போகத் தெரியாது. பாதை இருந்தால் போகும். தடை குறைந்த பாதையில் அதிகமாகப் போகும்.

ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து பாருங்கள். ஸ்பீக்கரின் தடை சுமார் 8 ஓம். ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடையோ மிகமிகக் குறைவு, 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளின் தடை இன்னொரு 0.1 ஓம். முதல் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் இப்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கர். மற்றொன்று, வெறும் 0.2 ஓம் தடையுள்ள எதிர் ஆம்ப்ளிஃபயர்.

இரண்டின் வெளியீட்டு மின்னழுத்தமும் கொஞ்சம் வேறுபட்டாலே போதும். வேறுபாடு 2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி:

2 வோல்ட் ÷ 0.2 ஓம் = 10 ஆம்பியர்

அப்பா கேட்டது வானொலி; அண்ணன் போட்டது படம். இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆம்ப்ளிஃபயர்கள் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஒன்றுக்குள் ஒன்று மின்னோட்டத்தைத் திணித்தன. ரிசீவரில் பாதுகாப்புச் சுற்று இருந்ததால் அது அணைந்து தப்பியது. அப்பாவின் பழைய கருவியில் அது இல்லை. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன.

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் முடுக்கினால்?" என்று கேட்பீர்கள். அணைத்து வைத்த ஆம்ப்ளிஃபயரும் கம்பியால் இணைந்தே இருக்கிறது. உள்ளே ரிலே இல்லாத பழைய கருவிகளில், மற்றதன் மின்னழுத்தம் பின்வழியாக உள்ளே நுழையும். மேலும், வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவராவது ஒரு நாள் மறப்பார். எங்களுக்கு மூன்று நாள்தான் ஆனது.

சரியான வழி

ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில ரிசீவர்களில் ஸ்பீக்கர் முனைகளைத் தவிர, 'பிரீ அவுட்' என்று எழுதிய சிறிய வட்டத் துளைகள் இருக்கும். எல்லா ரிசீவர்களிலும் இவை இருக்காது. வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலியைப் பிரித்து, தாமதம் சேர்த்து, அளவைக் கட்டுப்படுத்திய பிறகு, ஆனால் பெருக்குவதற்கு முன்பு, அந்தச் சமிக்ஞை இந்தத் துளைகளில் கிடைக்கும்.

முன்பக்க இடம், வலம் என்ற இரண்டு பிரீ அவுட் துளைகளிலிருந்து ஆர்.சி.ஏ. கம்பி வழியாக ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்குக் கொண்டு போங்கள். முன்பக்க ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபயரில் மட்டும் இணையுங்கள். ரிசீவரின் முன்பக்க ஸ்பீக்கர் முனைகள் காலியாகவே இருக்கட்டும். நடு ஸ்பீக்கரும் பக்கவாட்டு ஸ்பீக்கர்களும் ரிசீவரிலேயே தொடரும். சப்வூஃபரில் பெரும்பாலும் சொந்த ஆம்ப்ளிஃபயர் உண்டு.

இப்போது பாதையைப் பின்தொடருங்கள். பாட்டு: சி.டி. கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். படம்: ரிசீவர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். எந்த இடத்திலும் இரண்டு வெளியீடுகள் நேருக்கு நேர் மோதவில்லை. ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்குப் போகிறது.

இரண்டு வகை இணைப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணில் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க 20 வோல்ட்டும் 2.5 ஆம்பியரும் வேண்டும். பிரீ அவுட் சமிக்ஞையோ சுமார் 1 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 47,000 ஓம் என்றால், அதில் ஓடும் மின்னோட்டம் 0.02 மில்லி ஆம்பியர்தான். இதனால்தான் ஸ்பீக்கர் முனையிலிருந்து வரும் கம்பியை ஆர்.சி.ஏ. துளையில் நேரடியாகச் செருகக் கூடாது.

அம்மா ஒட்டிய பொட்டு

இப்போது ஒலியளவுக் குமிழ்கள் இரண்டு ஆகிவிட்டன. ஒன்று ரிசீவரில், மற்றொன்று ஆம்ப்ளிஃபயரில். இரண்டின் பெருக்கமும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். பாட்டுக் கேட்டபோது ஆம்ப்ளிஃபயர் குமிழை ஏற்றி வைத்துவிட்டு, பிறகு படத்தைப் போட்டால் முதல் வெடிச்சத்தத்திலேயே ஸ்பீக்கருக்கும் காதுக்கும் கேடு.

புதிய ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் 'பைபாஸ்' உள்ளீடு இருக்கிறது. அதில் நுழையும் சமிக்ஞை அந்தக் குமிழைத் தாண்டிப் போய்விடும். ரிசீவரின் குமிழ் மட்டுமே வேலை செய்யும். ஆனால் அந்த உள்ளீட்டில் கைப்பேசியையோ சி.டி. கருவியையோ ஒருபோதும் செருகாதீர்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாததால் ஒலி முழு வேகத்தில் பாயும்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் பைபாஸ் இருக்காது. அப்போது 'ஆக்ஸ்' உள்ளீட்டைப் பயன்படுத்தி, படம் பார்க்கும்போது குமிழை எப்போதும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடத்தைக் காட்ட அம்மா ஓர் ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டிவிட்டார். அந்தப் பொட்டில் குமிழை வைத்துத்தான், ரிசீவரின் சோதனை ஒலியைக் கொண்டு எல்லா ஸ்பீக்கர்களையும் சமப்படுத்தினோம்.

தூரத்தையும் ரிசீவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊர் வெப்பமான 30 டிகிரி செல்சியசில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். முன் ஸ்பீக்கர் 3.5 மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒலி வந்துசேர ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். பக்கவாட்டு ஸ்பீக்கர் 1.75 மீட்டரில் இருந்தால் 5 மில்லி விநாடிதான். ஆகவே, பக்கவாட்டு ஒலியை ரிசீவர் 5 மில்லி விநாடி தாமதித்து அனுப்பும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல்

எல்லாம் சரியாக இணைத்தும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல் கேட்கலாம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையும். இரைச்சலும் அந்த 50 ஹெர்ட்சிலோ அதன் மடங்குகளிலோ இருக்கும். கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் நிலத்தோடு இணைந்து, ஆர்.சி.ஏ. கம்பியின் உறை வழியே ஒரு வளையம் உருவானால், அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடும். அதையும் ஆம்ப்ளிஃபயர் விசுவாசமாகப் பெருக்கிவிடும்.

முதலில் இரண்டு கருவிகளையும் ஒரே சுவர்ச் செருகியிலிருந்து இயக்கிப் பாருங்கள். பிறகு தொலைக்காட்சியின் அலைவாங்கிக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வளையம் அந்த வழியில்தான் வருகிறது. அதற்கான தனிப்படுத்தும் சிறு மின்மாற்றி கடைகளில் கிடைக்கும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் நிலக்கம்பியை வெட்டுவது. அந்தப் பச்சை மஞ்சள் கம்பி உயிர் காக்கும் கம்பி. கருவிக்குள் பழுதாகி உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், அதை நிலத்துக்குக் கொண்டுபோய் ஃபியூசை எரிய வைப்பது அதுதான். அது இல்லையென்றால், பெட்டியைத் தொடுபவரின் உடலே பாதையாகிவிடும். அதேபோல், மூடியைத் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு கம்பிகளை இடம் மாற்றுங்கள். முனைகளில் கம்பி இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவில் ஒலிக்கும் ஒரு பாட்டைக் குறைந்த ஒலியளவில் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களையும் அருகருகே வைத்துக் கேட்டால் தாழ்ந்த ஒலி மெலிந்துபோயிருக்கும். பாடகரின் குரலும் நடுவில் நிற்காது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னுக்குத் தள்ளும்போது மற்றது பின்னுக்கு இழுக்கிறது. படிவம் 4-இல் படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான். மீண்டும் அணைத்து, கம்பிகளைச் சரியாக மாற்றி, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரைப் பட்டர்வொர்த்தில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனோம். டிரான்சிஸ்டர்களை மாற்றித் தர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் மாலை நேரம் அமைதியாக இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கருவி திரும்பி வந்ததும் அப்பா என்னிடம் ஒரு பென்சிலையும் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தையும் கொடுத்தார். ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரையச் சொன்னார். வரைந்து காட்டிய பிறகுதான் கம்பியைத் தொட விட்டார்.

அந்தத் தாள் இப்போதும் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் இன்னும் பாடுகிறது. உங்கள் வீட்டுத் தாத்தாவின் ஸ்டீரியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், நீங்களும் ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள்.